காரணம் சொல்லாத மிஸ்

அவருடைய பெயரை இங்கே எழுத மாட்டேன். வழக்கு இன்னும் முடியவில்லை. எழுதினாலும் எங்களுக்கு அது யாரோ ஒருவரின் பெயராகத்தான் தெரியும். பதுளை பஸாரில் ஹாஜியாரின் துணிக்கடை மாடியில் அவரிடம் ஆங்கிலம் படித்த எல்லாப் பெண்களுக்கும் அவர் வெறும் மிஸ்.

நாற்பதைத் தொட்டிருக்க மாட்டார். ஒல்லியான உடம்பு, நறுக்கென்ற பேச்சு. வகுப்பில் எப்போதும் கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார். கரும்பலகை பக்கவாட்டில் இருந்ததால் எழுதும்போதுகூட உடம்பைத் திருப்பாமல் கையை மட்டும் நீட்டி எழுதுவார். எழுத்தெல்லாம் சரிந்து பலகையின் மூலைக்கு ஓடும். கைப்பையை மடியிலிருந்து இறக்கி வைத்து நான் பார்த்ததில்லை. குடிப்பதற்கு வீட்டிலிருந்தே ஒரு போத்தலில் சுடுதண்ணீர் கொண்டு வருவார். கீழே கடையிலிருந்து ஹாஜியார் அனுப்பும் பிளேன்டீயை ஒரு நாளும் தொட்டதில்லை.

அவர் டுபாயில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் ஏழு வருஷம் இருந்தவர் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஆங்கிலத்தைக் கேட்டால் யாரும் நம்புவார்கள். அவரும் இல்லையென்று சொன்னதில்லை.

பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற வருஷம் அது. என் வீட்டுக்காரர் மரத்தால் விழுந்து இடுப்பு முறிந்து, காலையில் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்கவும் முடியாமல் படுத்திருந்தார். தெமோதரைப் பக்கத்தில் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. என் கை முழுதாக உள்ளே போகும். அதிகாரிகள் வந்து பார்த்து, மண் சரியும், இங்கே இருக்கக்கூடாது என்று ஒரு கடதாசியை ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கே போய் இருப்பது என்று அந்தக் கடதாசியில் இல்லை. மழை இரைந்தால் என் மகள் புத்தகப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நிற்பாள். உள்ளே வா என்று கூப்பிட எனக்கு வாய் வராது. அப்போதுதான் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவெடுத்தேன். பஸ் ஓடாத நாள்களில் மரக்கறி லொறியை மறித்து ஏறி வகுப்புக்குப் போனேன்.

நாங்கள் ஒன்பது பேர். எல்லோரும் தோட்டத்துப் பெண்கள். முதல் வாரம் சமையலறைச் சாமான்களின் பெயர்கள். இரண்டாம் வாரம் மிஸ் ஒரு புதுப் பாடத்தைத் தொடங்கினார். யாராவது அழைத்தால் மரியாதையாக மறுப்பது எப்படி? அந்தப் பாடம் முடியவே இல்லை. வேறெதைப் படித்தாலும் கடைசி அரை மணித்தியாலம் அதற்குத்தான்.

எங்களில் மூத்தவர் மேரி அக்கா. முதல் நாள் மிஸ் அவரைத்தான் எழுப்பினார்.

"நாளைக்கு எங்க வீட்டுல விருந்து. நீங்க கட்டாயம் வரணும்."

"ஐயோ மிஸ், எனக்கு வயித்து வலி."

"இஞ்சித் தண்ணி போட்டுத் தாறேன். வாங்க."

"சின்னவனுக்குக் காச்சலுங்க."

"தூக்கிட்டு வாங்க. பக்கத்து வீடுதான் டாக்டர்."

"கட்டிக்கிட்டு வர நல்ல சீலை இல்லீங்களே."

"என் சீலையில ஒண்ணு கட்டிக்கங்க."

மேரி அக்கா கையை விரித்தார். "அப்ப வந்துதான் தொலையணும் போல இருக்கே!"

நாங்கள் சிரித்து உருண்டோம். மிஸ் சிரிக்கவில்லை.

"மூணு காரணம் சொன்னீங்க. மூணுக்கும் எங்கிட்ட பதில் இருந்திச்சு. கூப்பிடுறவங்க கிட்ட எப்பவும் பதில் இருக்கும். அதனால காரணம் சொல்லாதீங்க."

பிறகு பலகையில் மூன்று வாக்கியங்களை எழுதினார். தேங்க் யூ ஃபோர் ஆஸ்கிங். ஐ ஆம் சொரி, ஐ கான்ட். ஐ ஹோப் யூ ஹேவ் எ நைஸ் டே. முதலில் நன்றி, பிறகு மறுப்பு, பிறகு வாழ்த்து. ஏன் என்று கேட்டால் நடுவிலுள்ளதை மட்டும் திரும்பச் சொல்ல வேண்டும். குரல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.

எங்களுக்கு அது வரவே இல்லை. நம் ஆட்கள் முகத்துக்கு நேரே வர முடியாது என்று சொல்வார்களா? 'கட்டாயம் வாறோம்' என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடுவதுதான் மரியாதை. ஆங்கில வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் வாய் தானாக ஒரு காரணத்தைத் தேடும். கலா என்று ஒருத்தி, எங்கள் தோட்டத்துப் பிள்ளை, எங்களில் சின்னவள், இருபது வயது. "ஐ கான்ட்" என்று சொல்லிவிட்டு அவள் ஒவ்வொரு முறையும் "பிகோஸ்..." என்று இழுப்பாள். மிஸ் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். "பிகோஸ் வேணாம்."

மேரி அக்கா ஒரு நாள் கேட்டேவிட்டார். "அங்க நம்மள யாருங்க மிஸ் விருந்துக்குக் கூப்பிடப் போறா? பாத்திரம் கழுவ இங்கிலீஷ் சொல்லிக் குடுங்க, புண்ணியமாப் போகும்."

"விருந்துக்குக் கூப்பிட மாட்டாங்க" என்றார் மிஸ். வகுப்பில் அதற்குப் பிறகு அன்று யாரும் சிரிக்கவில்லை.

பாடத்தில் மட்டுமில்லை, மிஸ் வாழ்க்கையிலும் அப்படித்தான். யார் வீட்டுக்கும் போக மாட்டார். என் மகள் பெரிய பிள்ளையானபோது, அந்தக் கஷ்டத்திலும், லயத்து வாசலில் நாலு பேருக்குச் சாப்பாடு போட்டுச் சடங்கு வைத்தேன். மிஸ்ஸுக்கு வெற்றிலை வைத்து அழைத்தேன்.

"கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க. என்னால வர முடியாது. புள்ள நல்லா இருக்கணும்."

"ஏன் மிஸ்? ஞாயித்துக்கிழமைதானே?"

"என்னால வர முடியாது."

அதே குரல். எனக்குக் காது சுட்டது. தோட்டத்து வீடென்றுதானே வர மாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன். அவர் பசறைப் பக்கத்து லயத்தில் பிறந்தவர் என்பது எனக்கு அப்போதே தெரியும். அதனால் கோபம் இன்னும் கூடியது.

எங்களை அனுப்புவதற்கு ஒரு ஏஜென்ட் இருந்தார். பண்டாரவளையிலிருந்து வருவார். வெள்ளைச் சட்டை, வாசனைத் தைலம், எல்லோரும் அவருக்குத் 'தங்கச்சி'தான். ஒரு நாள் வகுப்புக்கு கேக் கொண்டு வந்தார். தன் மகளின் பிறந்தநாளுக்கு மிஸ்ஸும் வர வேண்டும், வேன் அனுப்புகிறேன் என்றார். மிஸ் எங்களுக்குச் சொல்லித் தந்த மூன்றையும் வரிசையாகச் சொன்னார். ஏஜென்ட் சிரித்துக்கொண்டே ஏன் என்றார். மிஸ் நடு வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார். அவர் மறுபடி கேட்டார். மிஸ் மறுபடி சொன்னார். நாலாவது முறையில் ஏஜென்டின் சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஆனால் நான் மிஸ்ஸின் கையைப் பார்த்தேன். மடியிலிருந்த பையின் வாரை விரல் வெளுக்கும்வரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஆள் நல்ல செய்தியோடு வந்தார். நாலு பேருக்கு விசிட் விசா தயார். முதலில் கொழும்புக்குப் பக்கத்தில் அவர்களுடைய வீடொன்றில் பத்து நாள் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும், பிறகு விமானம். நான், கலா, மேரி அக்கா, இன்னொருத்தி. மாடி வீடு, நல்ல சாப்பாடு என்று சொல்லி போனில் படம் காட்டினார். பெரிய இரும்புக் கேட். அதில் இரண்டு மயில்கள் எதிரும் புதிருமாக. போன் கை மாறி மாறி மிஸ்ஸிடம் போனது. மிஸ் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து யன்னலருகே போய் நின்றார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் கதவுக்கு முதுகு காட்டி நின்றதைக் கண்டேன்.

ஏஜென்ட் போனதும் சொன்னார்: "அந்த வீட்டுக்குப் போகாதீங்க."

"ஏன் மிஸ்?"

"போகாதீங்க."

"காரணம் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு, "என்னால முடியாது" என்றார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. எழுந்து நின்று கத்தினேன். "ஒங்க வீட்டுச் செவரு வெடிக்கல மிஸ்! அதான் ஒங்களுக்கு லேசா வருது. எம்புள்ள மழைக்குப் பயந்து வாசல்ல நிக்கிறா. நீங்க மட்டும் டுபாய் போய் வந்து மாடியில ஒக்காந்து இங்கிலீஷ் படிச்சுக் குடுப்பீங்க, நாங்க மண்ணுக்குள்ள போகணுமா?"

மிஸ் அழுதிருந்தால் நான் அடங்கியிருப்பேன். அவர் பலகையைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கெனவே துடைத்திருந்த பலகையை.

புறப்பட வேண்டிய நாள் காலை, பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வேன் நின்றது. தூறல். என் பை ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. நாங்கள் நாலு பேரும் ஏறி உட்கார்ந்துவிட்டோம். மகள் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு வெளியே நின்றாள். அப்போது மிஸ் ரோட்டைக் கடந்து ஓடி வந்தார். குடை இல்லை. தலை வாரவில்லை. கைப்பைகூட இல்லை. வேனின் கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார்.

"எறங்குங்க."

"என்ன மிஸ் இது, காலங்காத்தால?" என்றார் ஏஜென்ட்.

மிஸ் அவரைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்துச் சொன்னார். பஸ் நிலையத்தில் நின்ற சனமெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

"அந்தக் கேட்டுல ரெண்டு மயில் இருக்குல்ல? அந்தக் கேட்டுக்குள்ள நான் பதினோரு நாள் இருந்தேன். எனக்கு இருபத்திரெண்டு வயசு. என்னையும் டுபாய்க்குனுதான் கூட்டிட்டுப் போனாங்க. முதல் நாள் நல்ல சாப்பாடு. ரெண்டாம் நாள், பெரியவர் பேசணுமாம், மேல வாம்மானு கூப்பிட்டாங்க. எனக்கு மாட்டேன்னு சொல்லத் தெரியல. தலைவலினு சொன்னேன். மாத்திரை குடுத்தாங்க." அவருக்கு மூச்சு வாங்கியது. "பன்னண்டாம் நாள் காலையில குப்பை லொறி வந்திச்சு. தொறந்த கேட்டால ஓடுனேன். நான் டுபாய்க்குப் போகல. எந்த நாட்டுக்கும் போகல. வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் வாசப்படி தாண்டல. அந்த ஆறு வருஷத்துல படிச்சதுதான் இந்த இங்கிலீஷ். அகராதியும் ரேடியோவும் வச்சுக்கிட்டு."

யாரோ ஒருவர் சிரித்தார். யாரோ 'ச்சீ' என்றார்கள். ஏஜென்ட், "பைத்தியம் முத்திருச்சு" என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தப் பார்த்தார். மிஸ்ஸின் விரல்கள் கதவிடுக்கில் இருந்தன. அவர் எடுக்கவில்லை.

முதலில் மேரி அக்கா இறங்கினார். பிறகு நான். பிறகு மற்றவள். கலா அசையவில்லை.

"எறங்குடி கலா" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா, அங்க போய் ஒண்ணும் ஆகாம வந்தவங்களும் இருப்பாங்கதானே? அம்மாவுக்கு மருந்து இல்லக்கா." கையை விடுவித்துக்கொண்டாள். அழவில்லை. யோசித்துக் கணக்குப் பார்த்துவிட்டவளின் முகம் அது. வேன் போனது. மிஸ் கொஞ்ச தூரம் வேனோடு ஓடினார். பிறகு நடுரோட்டில் நின்றார். பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் கதை பதுளை முழுக்கப் பரவிவிட்டது. வந்தாறுமூலையென்றும் வவுனியாவென்றும் வீட்டின் இடம் மாறி மாறி, பதினோரு நாள் பதினோரு மாதமாகி. மறுவாரம் வகுப்புக்கு இரண்டு பேர்தான் போனார்களாம். போனார்களாம் என்றுதான் சொல்ல வேண்டும், நான் போகவில்லை. "அப்பேர்ப்பட்ட பொம்பள கிட்ட நீ ஒண்ணும் படிக்கத் தேவல்ல" என்று வீட்டுக்காரர் படுத்த படுக்கையில் சொன்னார். நான் சரி என்றேன். என்னைக் கதவைத் திறந்து இறக்கிவிட்டவருக்கு நான் செய்தது அது. அதற்குக் காரணம் தேடினால் நூறு கிடைக்கும். எதையும் இங்கே எழுதப் போவதில்லை.

ஹாஜியார் கெட்டவரில்லை. பிறகொரு நாள் துணி வாங்கப் போனபோது அவரே சொன்னார். "மிஸ்ஸ நான் போகச் சொன்னது உண்மைதான் புள்ள. எனக்கும் பொம்புளப் புள்ளைங்க இருக்காங்க, நாலு பேர் நாலு விதமாப் பேசுறாங்க. சொல்லி முடிக்கவும் அவங்க எனக்கு நன்றி சொன்னாங்க. அதுதான் நெஞ்சுல கெடக்கு."

மிஸ் மொனராகலையில் ஒரு சொந்தக்காரரின் கடைக்குக் கணக்கெழுதப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த வருஷத்து மழைக்கு எங்கள் பின்சுவர் விழுந்தது. பகலில் விழுந்ததால் உயிர் தப்பினோம். தோட்டத்துப் பழைய பிள்ளைக் காப்பகத்தில், மூன்று குடும்பத்துக்கு நடுவே சேலையைத் திரையாகக் கட்டி, இன்னும் அங்கேதான் இருக்கிறோம். சேலைக்கு அந்தப் பக்கம் யாராவது வெளிநாட்டுக்குப் போன கதை பேசினால், இறங்காமல் இருந்திருக்கலாமோ என்று நான் நினைத்ததும் உண்டு. மனசு அவ்வளவு கேவலப்பட்டது.

வேன் போன ஐந்தாவது வாரம் கலா வந்தாள். ரயிலில், பை இல்லாமல், யாருடையதோ செருப்போடு. அம்மாவிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. சோற்றை முன்னால் வைத்தால் பார்த்துக்கொண்டே இருப்பாள். கோயில் பூசாரியைக் கூட்டி வந்து கயிறு கட்டினார்கள். எட்டாம் நாள் எனக்குப் பயம் வந்துவிட்டது. மேரி அக்காவிடம் நம்பர் வாங்கி மிஸ்ஸுக்கு போன் பண்ணினேன்.

"மிஸ், கலா வந்துட்டா. பேச மாட்டேங்கிறா."

"எந்த லயம்?" என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு மிஸ் எங்கள் தோட்டத்து ரோட்டில் ஏறி வந்தார். மொனராகலையிலிருந்து எத்தனை பஸ் மாறி வந்தாரோ. எங்கள் தோட்டத்தில் அவர் கால் வைத்தது அன்றுதான். என்னிடம் ஒரு கடுஞ்சொல் இல்லை. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். தலையை அசைத்து நிறுத்திவிட்டு நேரே கலாவின் காம்பராவுக்குள், லயத்தின் அந்த ஒற்றை அறைக்குள், போனார். பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கலாவின் அம்மா கொடுத்த தேநீரை வாங்கி, பாதியைக் குடித்துவிட்டு மீதியைக் கலாவிடம் நீட்டினார். அவள் குடித்தாள். மூன்று நாள் மிஸ் அங்கேயே இருந்தார். மூன்றாம் நாள் கலாவுக்குத் தலை வாரிவிட்டு, "எழும்புங்க, போவோம்" என்றார்.

நாங்கள் மூவரும் பொலிஸுக்குப் போனோம். பெண் அதிகாரி யாரும் அன்றைக்கு இல்லை. கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு நடுவயதுக்காரர்தான் இருந்தார். ஆள் நல்ல மாதிரி. ஆனால் களைத்திருந்தார், பின்னால் காத்திருந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் முதலில் தன் வாக்குமூலத்தைக் கொடுத்தார். பதினாறு வருஷத்துக்கு முந்தின கதையை எதற்கு இப்போது என்று அதிகாரி கேட்டார். வீடும் ஆட்களும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள் என்றார் மிஸ். அதிகாரி சிங்களத்தில் எழுதினார். பிறகு கலாவின் முறை. கலா பேசவில்லை. கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். வேனில் ஏறினாயா? ஆட்டினாள். அடைத்து வைத்தார்களா? ஆட்டினாள். அடித்தார்களா? நிலத்தைப் பார்த்தாள். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

கையெழுத்துப் போடச் சொல்லி முதலில் மிஸ்ஸின் கடதாசியைத் திருப்பி வைத்தார். மிஸ்ஸுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. மிஸ் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். பின்னால் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இங்க 'தன் விருப்பத்தோட போனார்'னு எழுதியிருக்கீங்க. இத வெட்டுங்க."

"நோனா, நீங்களா ஏறினது தானே? யாரும் இழுத்துக்கிட்டுப் போக இல்ல தானே?"

"ஏறுனது நான்தான். வேலைக்குனு சொன்னாங்க, நம்பி ஏறுனேன். அத எழுதுங்க."

"ரெண்டும் ஒண்ணு தானே நோனா."

"ஒண்ணு இல்லீங்க."

"இனி இதெல்லாம் வெட்டி எழுத ஏலாது. சைன் போடுங்க, ஆள்கள் நிக்கிறாங்க."

மிஸ் பேனாவை மேசையில் வைத்தார். எழுந்து போகவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அந்தக் கதிரையிலேயே இருந்தார். சுவரிலிருந்த மணிக்கூட்டில் கால் மணி நேரம் போனது. காத்திருந்த ஒரு கிழவர்கூட, "வெட்டிக் குடுங்க மாத்தயா" என்றார். அதிகாரி பெருமூச்சு விட்டு, கடதாசியை இழுத்து, அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டார். மேலே மிஸ் சொன்னபடி எழுதினார். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் மிஸ்ஸைச் சின்னக் கையெழுத்துப் போடச் சொன்னார். மிஸ் போட்டார். அழுத்திப் போட்டதில் பேனா கடதாசியைக் கொஞ்சம் கிழித்துவிட்டது.

அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பதினோரு நாளாக ஒரு சொல் பேசாத குரல். கரகரத்து, அரைகுறையாக.

"மிஸ்... என்னோடதுலயும் அப்பிடித்தான் எழுதியிருப்பாரு. பாருங்க."

மிஸ் கலாவின் கடதாசியை எடுத்தார். பார்த்தார். அதே வரியில் விரலை ஊன்றி அதிகாரியின் முன்னால் வைத்தார். அவர் எங்கள் மூவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, பேனாவை மறுபடி திறந்தார்.